பேரேடு யார் கையில்?

(ஆலங்குளத்தில், பிளஸ் டூ முடித்தவர்களும் கல்லூரியில் படிப்பவர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன வாரம் ஒரு தங்கை போன் செய்து, "அக்கா, பி.பி.ஏ. ரெண்டாம் வருஷம் முடியப்போகுது. ஹெச்.ஆர்., ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், எதை எடுக்க?" என்று கேட்டார். "உனக்கு எதுல விருப்பம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "சார் சொன்னாங்க, பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹெச்.ஆர். தான் செட் ஆகும்னு" என்றார். அவர் விருப்பத்தைக் கேட்டேன், அவர் சாருடைய விருப்பத்தைச் சொன்னார். எனக்கும் பத்து வருடங்களுக்கு முன் இதேதான் நடந்தது. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசலாம் என்று வந்தேன்.

நான் படித்த வகுப்பில் அறுபது பேர். மூன்றாம் வருடம் விருப்பப் பாடம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கடையோ, பிரஸ்ஸோ, பட்டாசு ஏஜென்சியோ இருந்த பையன்கள் யோசிக்காமல் ஃபைனான்ஸ் எழுதினார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் மார்க்கெட்டிங். மிச்சம் இருந்த நாங்கள், அதாவது காலனிப் பிள்ளைகளும் பெரும்பாலான பெண்களும், ஹெச்.ஆர். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லோரும் "விருப்பப்பட்டே" எழுதினோம். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தால் ஊர் வரைபடம் மாதிரியே இருந்திருக்கும்.

எனக்கு ஃபைனான்ஸ் என்றால் பயம். கணக்கில் நான் மோசம் இல்லை, பத்தாம் வகுப்பில் தொண்ணூற்றொன்று எடுத்தவள். கணக்கு நம் வீட்டுப் பொருள் இல்லை என்கிற நினைப்பு, அவ்வளவுதான். அது எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் புரிந்தது.

எங்கள் அம்மா பட்டாசு வேலைக்குப் போனவர். இங்கே பலருடைய அம்மாவும் அப்படித்தான். பீஸ் ரேட்டு. இத்தனை குரோஸ் முடித்தால் இத்தனை ரூபாய். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு சிட்டையில் நான் எழுதுவேன். அவர் சாயங்காலம் வந்து சொல்லுவார், நான் கோடு போடுவேன். வாரச் சம்பளம் வாங்கும் நாளில் கணக்குப்பிள்ளை சொல்லும் எண்ணிக்கையும் எங்கள் சிட்டையில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துவராது. முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மீதி என்பதும் அவர் சொன்னால்தான் உண்டு. ஒரு தடவை நான் சிட்டையை எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். அம்மா, "வேண்டாம் தாயி. அவுக எழுதுனதுதான் கணக்கு" என்றார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. நம் ஊர்களில் கர்ணம் என்று ஒருவர் இருந்தார். யார் நிலம், எவ்வளவு தீர்வை, யார் பெயரில் பட்டா என்று எழுதுகிற ஆள். அப்பாவுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். நம் தாத்தாக்கள் அந்த நிலத்தில் உழைத்தார்கள், அந்த நோட்டைப் பார்த்தது கிடையாது. 1980-இல்தான் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. அதன்பிறகே தேர்வெழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். என் அம்மா பிறந்தபோது கூடக் கணக்கு எழுதுவது பரம்பரைச் சொத்துதான். இப்படி இருக்கையில், "எங்க பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சரி, நான் ஹெச்.ஆர். எடுத்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலையும் கிடைத்தது. இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னுடைய நேர்காணலில், "குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்றார்கள். "அம்மா சுயதொழில்" என்றேன். பொய். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் அதுதான் என்று எனக்குள் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். அதே கேள்வியை நானே கேட்டேன். அவன் நேராக, "அம்மா பட்டாசு வேலை பாக்குறாங்க மேடம், அப்பா இல்ல" என்றான். எழுத்துத் தேர்வில் அன்றைக்கு வந்தவர்களில் அவன்தான் முதல். மேலாளர் என்னைப் பார்த்து, "நல்ல பையன்தான், ஆனா நம்ம கல்ச்சருக்கு ஃபிட் ஆக மாட்டான்" என்றார். நான் படிவத்தில் "கம்யூனிகேஷன் போதாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து. சாதி என்கிற சொல் அந்த அறையில் ஒரு தடவை கூட வரவில்லை.

பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, இது என் ஒருத்தியின் அனுபவம் இல்லை. 2007-இல் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று அந்த மேலாளர்கள் சொல்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே குடும்பப் பின்னணி முக்கியம் என்கிறார்கள். அதே ஆண்டு சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. பத்திரிகை வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே என்பீர்கள். உண்மை. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. நாமும் விட்டோம், பெருமைதான். ஆனால் பயோடேட்டாவில் படித்த பள்ளி என்று ஒரு வரி உண்டு. 'அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்று எழுதும்போது பள்ளிப் பெயரே சொல்லிவிடுகிறது. விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், நல்லது. அதற்கு முன் படித்து முடித்தவர்களின் சான்றிதழ்கள் அப்படியேதானே இருக்கும்?

அப்படியானால் ஹெச்.ஆர். எடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். அது வாசற்கதவு. கதவருகில் நம் ஆள் நிற்பது நல்லதுதான். ஆனால் கதவைத் திறக்கிற அதிகாரம் அவருக்கு இருக்கிறதா, அல்லது யாரோ எடுத்த முடிவுக்குக் கையெழுத்து மட்டும் போடுகிறாரா? எத்தனை பேரை எடுப்பது, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் வேறோர் அறையில், ஒரு பேரேட்டை விரித்து வைத்து முடிவாகிறது. அந்த அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. 2012-இல் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவின் முன்னணி 1000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தது. ஏறத்தாழ 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்த்து 3.5 சதவீதம்.

நம் ஊரிலேயே இரண்டு வாசல்களைப் பாருங்கள். ஒன்று, 1970-இல் வந்த அரசு சிமெண்ட் ஆலை. அது அரசு நிறுவனம். ஆள் எடுக்க இட ஒதுக்கீடு உண்டு. அந்த வாசல் வழியாக உள்ளே போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். இன்னொன்று பட்டாசு ஆலை வாசல். அங்கே வேலைக்கு நம்மை யாரும் தடுத்ததில்லை, வேன் அனுப்பியே கூட்டிப் போவார்கள். மருந்து அறை வரை போகலாம். ஆபீஸ் அறைக்குள் போக முடியாது.

இனி நான் ஏன் ஃபைனான்ஸ் பக்கம் சாய்கிறேன் என்பதைச் சொல்கிறேன். பாடப் புத்தகத்தில் நிலையான செலவு, மாறும் செலவு என்று வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதை எடுத்துக்கொண்டு பட்டாசு ஆலைக்குப் போவோம். வெடிபொருள் விதிப்படி மருந்து அடைக்கும் அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவார். சட்டப்படி தப்பு, ஆனாலும் நடக்கிறது. குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்தப் பணம் நிலையான செலவு. பத்துப் பெட்டி செய்தாலும் ஆயிரம் பெட்டி செய்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். தீபாவளி வரைதான் அவருக்கு நேரம். அப்படியானால் ஒரு பெட்டிக்கு விழும் செலவைக் குறைக்க என்ன வழி? அதே அறையில் அதிக ஆட்கள், அதிக மருந்து, மரத்தடியிலும் வேலை. பீஸ் ரேட்டு என்பதால் தொழிலாளியும் வேகமாகத்தான் செய்வார். உராய்வு வருவதற்கு அந்த வேகம் போதும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதில் பலர் ஆலைக்காரர்களே இல்லை; முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடிய பக்கத்து ஊர்க்காரர்கள். ஒவ்வொரு விபத்திலும் "உராய்வு காரணம்" என்று செய்தி வருகிறது. உராய்வு என்பது கடைசி நொடியில் நடந்தது. அதற்கு மாதங்களுக்கு முன்பே ஒரு நோட்டில் கூட்டிக் கழித்து அந்த அறைக்குள் எத்தனை பேர் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அந்த நோட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சங்கத்தில் பேச, வழக்கு நடத்த, நட்டஈடு கேட்க நமக்குத் தோழர்கள் இருக்கிறார்கள். செலவுக் கணக்கை விரித்து, "இந்த விலைக்கு இந்தப் பெட்டி வர வேண்டுமென்றால் நீங்கள் விதியை மீறித்தான் இருக்க வேண்டும்" என்று எண்ணால் நிரூபிக்க ஆள் இல்லை.

வியாபாரம் சிலருக்கு ரத்தத்தில் வருகிறது என்பார்கள். அதையும் நம்ப வேண்டாம். இந்த வட்டாரத்து நாடார் சமூகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள். 1899-இல் சிவகாசிக் கொள்ளையைச் சந்தித்தவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? உறவின்முறையில் மகமை என்று ஒவ்வொரு வியாபாரத்திலிருந்தும் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது. 1921-இல் தூத்துக்குடியில் வங்கியே தொடங்கினார்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். எழுதி வைத்த கணக்கும் பொதுப் பணமும் சேர்ந்து ஒரு நூற்றாண்டில் செய்த வேலை அது. ரத்தத்துக்கு அதில் வேலை இல்லை. அதே சமூகத்தின் ஏழைகள் இன்றும் நம் அம்மாக்களோடு உட்கார்ந்து திரி சொருகுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பேரேடு சாதிக்குள்ளும் எல்லோருக்கும் திறப்பதில்லை.

பாபாசாகேப் படத்தைச் சட்டப் புத்தகத்தோடு மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அவர் முதலில் பொருளாதாரம் படித்தவர். லண்டனில் 1923-இல் வாங்கிய டி.எஸ்சி. பட்டம் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்காக. அதற்கு முன்பு பம்பாயில் பங்குச் சந்தை ஆலோசனை நிறுவனம் ஒன்று தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918-இல் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கேயும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்றார்கள் சில சக பேராசிரியர்கள். அவர் பணத்தைப் பற்றிப் படிப்பதை விட்டுவிடவில்லை. 1925-இல் நாணய விசாரணைக் குழுவின் முன் போய்ச் சாட்சியம் சொன்னார். ஒரு நாட்டின் ரூபாய் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தனக்கும் சொல்ல இருக்கிறது என்று நினைத்த துணிச்சலைத்தான் நான் சொல்கிறேன்.

ஃபைனான்ஸ் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. சி.ஏ. படிக்க ஆசைப்பட்டேன், ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள் சேரத் தெரிந்தவர் வேண்டியிருந்தது. எனக்கு யாரையும் தெரியாது. சென்னை வேலையை விட்டுவிட்டு சி.எம்.ஏ. பக்கம் போனேன். பட்டம் இருந்தால் அதில் நேராக இன்டர்மீடியட் சேரலாம். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினேன். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செலவுக் கணக்கு பார்க்கிறேன். பெரிய பதவி இல்லை. ஆனால் பஞ்சு என்ன விலை, கூலிக்கு எவ்வளவு, முதலாளி "நஷ்டம்" என்று சொல்லும்போது அது எந்த வரியில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. போன வருடம் நம் தெருவில் ஓர் அண்ணன் அட்டைப்பெட்டி யூனிட் போட ஆசைப்பட்டார். வங்கியில் திட்ட அறிக்கை கேட்டார்கள். டவுனில் எழுதிக் கொடுக்கக் கேட்ட பணத்தைப் பார்த்து விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த அறிக்கை ஒரு பி.பி.ஏ. மாணவர் மூன்று நாளில் எழுதக்கூடியது.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது இதுதான்: விருப்பம் எது என்று இப்போதே தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்தப் பாடத்தைப் பார்த்தால் "இது நம்ம வீட்டுக்கு இல்லை" என்று தோன்றுகிறதோ, அதில் ஒரு செமஸ்டர் உட்கார்ந்து பார். பிடிக்காவிட்டால் மாறிக்கொள். மார்க்கெட்டிங்கில் உண்மையான ஆசை இருந்தால் அதையே எடு, யார் சொன்னாலும் விடாதே. பயந்து மட்டும் எதையும் விடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். டேலி ஏற்றிய லேப்டாப் ஒன்று கொண்டு வருகிறேன். நீங்கள் வரும்போது வீட்டில் அம்மாவின் சிட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். எங்கள் அம்மாவுடையது இதோ, 2009-ஆம் வருடத்துடையது. பக்கங்கள் கொஞ்சம் கிழிந்திருக்கின்றன, எண்கள் தெரிகின்றன. முதலில் இதைக் கூட்டிப் பார்க்கலாம்.