மேடைப் பேச்சும் பணியிடப் பேச்சும்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் சங்கத்தின் ஞாயிறு பேச்சு மன்றத்தில் பயின்ற பிள்ளைகள் ஏப்ரல் 14-ஆம் நாள் மேடையேறினால் கைதட்டல் ஓய்வதில்லை. அதே பிள்ளைகள் மறுநாட் காலை கம்பெனி வண்டியேறித் திருப்பூர் சென்றதும் வாய் மூடிக்கொள்கின்றனர். மேலாளர் ஏதேனும் கேட்டால் தலையாட்டுவதோடு சரி. மேடையில் முழங்கிய குரல் எங்கே போயிற்று? நம் பாட்டன்மார் பண்ணையத்தில் ‘ஆகட்டுங்க சாமி’ என்பதற்கு மேல் பேச விடப்படாதவர்கள். அவ்வச்சம் ஒரு தலைமுறையில் அகல்வதன்று. ஆயினும் அச்சம் மட்டுமே காரணமன்று. மேடைப் பேச்சு ஒன்றே பேச்சு என நாம் கருதிவிட்டதும் காரணமாகும்.

இரட்டைமலை சீனிவாசனார் கோவையில் கல்வி பயின்றவர். சாதி தெரிந்துவிடுமோ என்றஞ்சி உடன் பயின்றோருடன் பழகவும் விளையாடவும் தயங்கியதையும், மணியடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைந்ததையும் அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அம்மாணவரே 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். இலண்டனைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நம் இளைஞர்கள் ஊன்றிக் கற்க வேண்டியது, 1924-இல் அவர் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தையே ஆகும். ‘எங்களை இழிவு செய்கின்றனர்’ என்று பொதுப்பட முறையிட்டு அவர் அமர்ந்துவிடவில்லை. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் என ஒவ்வொன்றாக எண்ணிக் கூறி, இவற்றில் எவரையும் தடுத்தலாகாது என்பதை அரசின் கொள்கையாக ஏற்கச் செய்தார். ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பரில் அரசாணை பிறந்தது. (ஆணை பிறந்த பின்னும் தெருக்கள் திறவாத கதையை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.)

பேசும் ஆற்றல் பிறவியில் வருவதன்று, பயிற்றப்பட வேண்டியது என்பதை அம்பேத்கர் நன்கறிந்திருந்தார். அரசியலில் நுழைவோர்க்கென 1956 ஜூலையில் பம்பாயில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மாணவர் பதினைவர். நாவன்மை குறித்துத் தாமே வந்து பாடம் சொல்ல விரும்பினார். டிசம்பரில் அவர் மறைந்தார்; பள்ளியும் அடுத்த ஆண்டில் நின்றது.

சீனிவாசனாரின் தீர்மானம் நிறைவேறிய அதே 1924-இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ‘டோஸ்ட்மாஸ்டர்ஸ்’ என்னும் பேச்சு மன்றத்தைத் தொடங்கினார். இன்று அது உலகெங்கும் பரவியுள்ளது. அதன் முறை எளியது: ஒருவர் குறித்த நிமிடங்கள் பேசுவார், ஒருவர் கடிகாரம் பார்ப்பார், வேறொருவர் பேச்சின் நிறைகுறைகளை எடுத்துரைப்பார். நம் மன்றத்திலும் இவர்கள் உண்டு, குறிப்பெழுதுபவரும் உண்டு. கைதட்டல் பெறுபவர் பேச்சாளர். ஆனால் வேலையிடத்தில் கைகொடுப்பது ஏனையோர் கற்கும் கலையே என்பது நம் கருத்து.

நம் மன்றத்து இளைஞர் ஒருவர் பவர் டேபிள் பகுதியில் சூப்பர்வைசராக உயர்ந்தார். அவருக்குக் கீழே நம் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்களும் ஒடிசாவிலிருந்து வந்தோரும் தைக்கின்றனர். முன்பிருந்தவர் பிழை கண்ட இடத்தில் நின்று அனைவரும் கேட்கத் திட்டுவாராம். இவரோ எந்திரம் ஓடுமுன் இரண்டு நிமிடம் மட்டும் பேசுகிறார்: இன்று என்ன ஆர்டர், எத்தனை பீஸ், நேற்று தையல் விட்டது எவ்விடத்தில் என்பவற்றை மட்டும் கூறுகிறார். தைத்தவர் பெயரைச் சொல்வதில்லை. அவரைத் தனியே அழைத்து, நன்றாகச் செய்ததை முதலிலும் திருத்த வேண்டியதைப் பின்னரும் கூறுகிறார். இது நம் மன்றத்தில் திறனாய்வாளர் கையாளும் முறையன்றி வேறென்ன?

செக்கிங் பகுதியில் பணிபுரியும் நம் பெண்ணொருவர் செய்ததும் கேட்கத் தக்கது. கழிப்பறைக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும் என்றும், அச்சீட்டு பகுதிக்கு ஒன்றே என்றும் அங்கே வழக்கம் இருந்தது. பலரும் தமக்குள் புலம்பினரேயன்றி மேலே சொல்லவில்லை. இப்பெண் ஒரு வாரம் குறிப்பெடுத்தார்: எத்தனை பேர் காத்திருந்தனர், எவ்வளவு நேரம் வீணாயிற்று என்று. அதனை மேலாளரிடம் மூன்று நிமிடத்தில், குரல் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் சொன்னார். தனியாகவும் செல்லவில்லை, உடன் இருவரை அழைத்துச் சென்றார். சீட்டு மூன்றாயிற்று. முழுதும் ஒழியவில்லை. அடுத்த முறை கேட்பதற்காகக் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்துள்ளார்.

எனவே இளைஞர்களே, வரும் ஞாயிறு மன்றத்தில் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். அதனை நீங்கள் நன்றாகவே பேசுகிறீர்கள். அரிசி ஆலையோ, எண்ணெய் ஆலையோ, பனியன் கம்பெனியோ, அரசு அலுவலகமோ, உங்கள் வேலையிடத்தில் மாற வேண்டிய ஒன்றைத் தேர்ந்து, யாரிடம் எதனைக் கேட்பீர்கள் என்று மூன்று நிமிடம் பேசுங்கள். மேலாளராக நாம் எதிரே அமர்ந்து குறுக்குக் கேள்வி கேட்போம். குறிப்பேடு கொண்டு வாருங்கள்.