முன்னாள் படைவீரரும் கல்விச் சலுகைகளும்: கேரள எல்லைப் பகுதிகளின் நிலை

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

படையில் சேரும் இளைஞனுக்கு அரசு அளிக்கும் உறுதிகளுள் ஊதியம் ஒன்று, ஓய்வூதியம் மற்றொன்று. இவை இரண்டும் எழுத்து வடிவில் உள்ளவை. எழுத்தில் இல்லாவிடினும் அவன் குடும்பத்தார் உறுதியாக நம்பும் மூன்றாவது ஒன்றும் உண்டு. நாட்டுக்காகப் பணியாற்றியவனின் பிள்ளைகளை அரசு படிக்க வைக்கும் என்பதே அந்நம்பிக்கை. படைவீரர் ஊர் திரும்பிய பின்னர் எழும் மனக்குறைகளுள் பல, இந்நம்பிக்கைக்கும் நடைமுறையிலுள்ள விதிகளுக்கும் இடையேயான தொலைவிலிருந்து பிறப்பவை.

சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் பெரும்பாலும் 15 முதல் 17 ஆண்டுகள் பணிபுரிந்து, நாற்பது வயதை எட்டுமுன்னரே ஓய்வு பெறுகிறார். அவருடைய பிள்ளைகள் அப்போது பள்ளியிலோ கல்லூரி வாயிலிலோ நிற்கின்றனர். குடும்பத்தின் வருமானம் குறைகின்ற அதே வேளையில் கல்விச் செலவு உயருகின்றது. ஆகவே கல்விச் சலுகை என்பது முன்னாள் படைவீரரின் மறுவாழ்வில் நடுநாயகமான இடத்தைப் பெறுகிறது.

எல்லையின் இயல்பு

இப்பிரச்சினை பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் தனித்தன்மையுடன் தோன்றுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைவதற்கு முன்னர், பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் முன்னாளில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972 ஜனவரி 26-ஆம் நாளில்தான். கொழிஞ்சாம்பாறை, மறையூர், காந்தளூர், வட்டவடை, உடும்பன்சோலை ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்கள் வாக்களிப்பது கேரளத்தில். சந்தைக்கும் மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் பொள்ளாச்சி, கோவை, உடுமலைப்பேட்டை, போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களுக்குச் செல்வது வழக்கம். மறையூரிலிருந்து இடுக்கி மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்குச் செல்வதைவிடச் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்குச் செல்வது கிட்டமாகும்.

மக்களின் வாழ்க்கை இரு மாநிலங்களிலும் பரவியிருக்க, படைவீரர் நல நிர்வாகமோ மாவட்ட வாரியாகவும் மாநில வாரியாகவும் அமைந்துள்ளது. முன்னாள் படைவீரர் எந்த மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்துள்ளாரோ, அதன் வழியாகவே அவருடைய விண்ணப்பங்கள் மேலே செல்லுதல் வேண்டும். தந்தையின் பதிவு ஒரு மாநிலத்திலும் மகனின் கல்லூரி மறு மாநிலத்திலும் இருக்கும்போது, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பணி இரட்டிப்பாகிறது.

மூன்று வெவ்வேறு சலுகைகள்

‘படைவீரர் பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகை’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் ஒரே திட்டம் அன்று. மத்திய அரசைப் பொறுத்தவரை குறைந்தது மூன்று திட்டங்களை வேறுபடுத்திக் காணல் வேண்டும்.

முதலாவது, 1971-ஆம் ஆண்டுப் போரை அடுத்து 1972-இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சலுகை. போரில் உயிர் நீத்தோர், காணாமற் போனோர், உறுப்பிழந்தோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் முதலியவற்றை ஈடு செய்வது இதன் நோக்கம். 1984-இல் சியாச்சினில் தொடங்கிய ‘மேகதூத்’ நடவடிக்கைக்கும், 1987 முதல் 1990 வரை இலங்கையில் நடைபெற்ற ‘பவன்’ நடவடிக்கைக்கும் இது பின்னர் விரிவாக்கப்பட்டது. உடல் நலத்துடன் பணிக்காலம் முடித்துத் திரும்பிய படைவீரருக்கு இச்சலுகை இல்லை. ஆயினும் ஊர்ப்புறங்களில் ‘முழுக் கட்டணமும் கிடைக்கும்’ என்ற பேச்சு இத்திட்டத்திலிருந்தே பரவுகிறது.

இரண்டாவது, கேந்திரிய சைனிக் வாரியம் வழங்கும் கல்வி மானியம். பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியைச் சேர்ந்த இம்மானியம், ஹவில்தார் மற்றும் அதற்குக் கீழ்ப்பட்ட நிலையில் ஓய்வு பெற்றோரின் பிள்ளைகளுள் இருவருக்கு மட்டும், முதல் வகுப்பு முதல் பட்டப் படிப்பு வரை உரியது. மாதம் 1,000 ரூபாயாக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதில் கவனத்திற்குரியது ஒன்றுண்டு. மாணவர் ஒரு வகுப்பில் தேறிய பின்னரே அவ்வகுப்புக்கான மானியம் கோரப்படுகிறது. எனவே சேர்க்கைக் கட்டணம் செலுத்த வேண்டிய ஜூன் மாதத்தில் இப்பணம் கையில் இராது. இதனை அறியாத குடும்பம் கடன் வாங்க நேரிடுகிறது.

மூன்றாவது, 2006-07-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி உதவித்தொகைத் திட்டம். ஆண்டுதோறும் 5,500 பேர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 2019-20 முதல் மாணவியருக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவருக்கு 2,500 ரூபாயும் அளிக்கப்பட்டு வருகின்றன. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் தேவை. மேலும் இது பொறியியல், மருத்துவம், ஆசிரியப் பயிற்சி போன்ற தொழிற்கல்விக்கு மட்டுமே உரியது. பொதுவான கலை, அறிவியல், வணிகவியல் பட்டப் படிப்புகள் இதில் அடங்கா.

இவ்வேறுபாட்டின் விளைவு எல்லைப் பகுதிகளில் தெளிவாகப் புலப்படும். மலைப்பகுதியில் வாழும் ஒரு நாயக்கின் மகள், 80 விழுக்காடு மதிப்பெண் பெற்று, அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் தமிழோ வரலாறோ பயில்கிறாள் எனக் கொள்ளலாம். அவளுக்குப் பிரதம மந்திரி உதவித்தொகை இல்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண்ணுடன் நகரத்தில் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தவர் விண்ணப்பிக்கலாம். தகுதியின்மை மாணவியிடம் இல்லை. அவள் ஊருக்கு அருகில் எந்தப் படிப்பு கிடைக்கிறது என்பதே அவளுடைய உரிமையைத் தீர்மானிக்கிறது.

பெயரும் பத்திரமும்

விதிகளால் விலக்கப்படுவோரை விட்டு, உரிமை இருந்தும் பெறாதோரின் நிலையை அடுத்து நோக்குதல் தகும். தரைப்படையில் திருமணம், குழந்தை பிறப்பு ஆகியவை ‘இரண்டாம் பகுதி ஆணை’ எனப்படும் பதிவில் இடம்பெற வேண்டும். பிள்ளையின் பெயர் பணிவிடுப்புப் புத்தகத்தில் இல்லாவிடில், இவ்வாணையே சான்றாகும். எல்லைப் பகுதியில் பெயர் எழுதும் முறையே ஒரு தடையாகிவிடுகிறது. தமிழ் வழக்கில் பெயருக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து வரும். மலையாள வழக்கில் வீட்டுப் பெயரும் சேரும். படைப் பதிவேட்டில் முழுப் பெயரும் ஆங்கில எழுத்தில் விரித்தெழுதப்படும். பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவமும் ஆதாரில் மற்றொரு வடிவமும் படைப் பதிவில் வேறொரு வடிவமும் இருந்தால், விண்ணப்பம் திரும்புகிறது. தொலைவிலுள்ள படைப்பிரிவுப் பதிவு அலுவலகத்துக்கு எழுதித் திருத்தம் பெறுவதற்குள் விண்ணப்பக் காலம் கடந்துவிடக் கூடும்.

படைவீரரின் சொந்தக் கல்வி பற்றியும் இத்தகைய மயக்கம் உண்டு. 1986-இல் மத்திய அரசு வெளியிட்ட விதியின்படி, பள்ளியிறுதித் தேர்ச்சியும் 15 ஆண்டுப் பணியும் உடைய முன்னாள் படைவீரர், சில ‘சி’ பிரிவுப் பதவிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதப்படுவார். இது வேலை நியமனத்திற்கான இணைநிலையே. பல்கலைக்கழகப் பட்டம் அன்று. இச்சான்றிதழைக் கொண்டு முதுகலை வகுப்பிலோ சட்டக் கல்லூரியிலோ சேரலாம் என்று நம்பி வருவோர் ஏமாற்றம் அடைகின்றனர். ஓய்வு பெறும் நாளிலேயே இவ்வேறுபாடு எடுத்துரைக்கப்பட்டிருந்தால், பணிக்காலத்திலேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வாயிலாகப் பட்டம் பெற்றிருக்க இயலும்.

சலுகை குறுகிய ஓர் ஆண்டு

அளிக்கப்பட்ட சலுகையும் குறைக்கப்படலாம் என்பதற்கு 2017-ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். 1972-ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ்க் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று, அவ்வாண்டு ஜூலை 1 முதல் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. உயிர் நீத்தோரின் பிள்ளைகளுள் உயர்கல்வி பயின்றுகொண்டிருந்த சிலர் நடு வழியில் பாதிக்கப்பட்டனர். கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் சுனில் லாம்பா, இவ்வரம்பை நீக்கக் கோரிப் பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2018 மார்ச்சில் வரம்பு நீக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் பயில்வோருக்கே சலுகை என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. தவறு திருத்தப்பட்டது பாராட்டுக்குரியது. ஆயினும், படிப்பின் நடுவே விதியை மாற்றலாகாது என்ற பாடம் நினைவில் நிற்க வேண்டும்.

அயல்நாட்டு அனுபவமும் இங்குப் பயன்படும். அமெரிக்காவில் 1944-இல் இயற்றப்பட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தினால் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிக் கல்வி பெற்றனர். சட்டத்தில் நிற வேற்றுமை கூறப்படவில்லை. எனினும், தென் மாநிலங்களில் கறுப்பின வீரருக்குப் பல கல்லூரிகளின் கதவுகள் மூடப்பட்டிருந்தன. நிர்வாகமும் உள்ளூர் அதிகாரிகளின் கையில் இருந்தது. உரிமை நாடெங்கும் ஒன்றாக இருந்தும், அதன் பயன் இடத்துக்கு இடம் வேறுபட்டது. அக்காலத்தில் இந்தியாவிலோ படைவீரர் மறுவாழ்வு பெரிதும் நிலத்தை ஒட்டி அமைந்தது. வயநாட்டின் அம்பலவயல் பகுதியில் இரண்டாம் உலகப் போர் வீரருக்காக வகுக்கப்பட்ட குடியேற்றத் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு.

இனிச் செய்யத்தக்கவை

புதிய திட்டங்களைத் தேடுமுன் உள்ளவற்றைச் செம்மையாக்குதல் எளிது. ஓய்வுக்கு ஓராண்டு முன்னரே பிள்ளைகளின் பெயர்ப் பதிவைப் பள்ளிச் சான்றிதழுடன் ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். சித்தூர், தேவிகுளம் ஆகிய வட்டத் தலைமையிடங்களில் ஆண்டுக்கு இருமுறையேனும் இரு மாநில நல அலுவலர்களும் சேர்ந்து முகாம் நடத்தலாம். விதிமுறைகள் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடப்பட்டுப் பஞ்சாயத்து அலுவலகங்களில் கிடைத்தல் வேண்டும். அரசுக் கல்லூரிகளில் பொதுப் பட்டப் படிப்புப் பயில்வோருக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கு ஒதுக்குவது பரிசீலனைக்கு உரியது.

இவற்றை ஒத்திப்போட இடமில்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி நான்காண்டுப் பணி முடித்து வெளியேறும் இளைஞருக்கு, ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி உண்டு, ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆகவே அத்தகுதியைச் சார்ந்த கல்விச் சலுகைகள் அவர்களைச் சேரா. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அவர்களுக்கென வகுத்துள்ள பட்டப் படிப்பு, பயிற்சியில் பெற்ற திறனுக்குப் பாதி மதிப்பலகு அளிக்கிறது. இவ்வுண்மைகள் அனைத்தும், ஆள்சேர்ப்பு முகாமில் ஓடுதளத்தில் இறங்குமுன்னரே இளைஞனுக்கும் அவன் பெற்றோருக்கும் அவர்களுடைய மொழியில் சொல்லப்பட வேண்டும். கிடைக்காத ஒன்றைக் கிடைக்கும் என்று நம்பவிடுவது, இல்லை என்று முன்கூட்டியே சொல்வதைவிடக் கொடிது. கிடைக்க வேண்டியது ஓர் எழுத்துப் பிழையால் கிடைக்காமற் போவது அதனினும் கொடிது. முன்னதைத் தவிர்க்கத் தெளிவான சொல் போதும். பின்னதைத் தவிர்க்க அக்கறையுள்ள அலுவலர் ஒருவர் போதும்.