பாதை ஓடாத நாள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய பேச்சு)



2022ஆம் ஆண்டு சனவரி 17ஆம் திகதி கனடாவின் ரொறன்ரோ நகரில் பெரும் பனி கொட்டியது. கொரோனாவினால் மூடிக்கிடந்த பாடசாலைகள் திறக்கவேண்டிய அன்றே பனி அவற்றை மீண்டும் மூடிவிட்டது. அங்குள்ள எம் மச்சான்மார் தொலைபேசியில் அந்த வெண்மையைக் காட்டி, "உங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லையே!" என்று சிரித்தார்கள். பனி எமக்கில்லைத்தான். ஆனால் குடும்பமெல்லாம் ஒரே கூரையின்கீழ் அடைபட்டுக் கிடக்கும் நாள் எமக்கும் உண்டு. மாரி மழை அதனைத் தருகிறது.

அத்தகைய நாட்களுள் 2011 சனவரி வெள்ளத்தை இங்கிருப்போர் மறந்திருக்கமாட்டீர்கள். நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பு மாவட்டம் பெருந்துன்பம் அடைந்தது. எமது குருக்கள்மடத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. பெருமழை பொழிந்தால் படுவான்கரைப் பக்கத்து நீரெல்லாம் வாவியில் வந்து இறங்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் அதனை வெட்டிவிடவேண்டும். அதுவரை நீர் ஏறிக்கொண்டே இருக்கும்.

நாம் அப்போது சிறு பிள்ளைகள். அம்மம்மாவின் வீடு சற்றே மேட்டில் இருந்தது. ஆகவே பெரியம்மாவும் சின்னம்மாவும் தத்தம் குடும்பத்தோடு அங்கே வந்து சேர்ந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கே வீடும் வளவும் கொடுப்பது எம் பகுதி வழக்கமாதலால் அவர்கள் கூப்பிடு தூரத்திலேதான் குடியிருந்தனர். மூன்று அறைகளில் பதினேழு பேர்! பாடசாலை இல்லை, மின்சாரம் இல்லை, விறகோ நனைந்து புகைந்தது. எமக்கு அது திருவிழாவாகவே இருந்தது. நிலத்தில் கரியால் கட்டம் கீறித் தாயம் விளையாடினோம். அவித்த மரவள்ளிக்கிழங்குக்கும் சம்பலுக்கும் அடிபட்டோம். அடுக்களைக்குள் புகுந்த சாரைப்பாம்பு ஒன்றைச் சின்னம்மா விளக்குமாற்றால் விரட்டியபோது நாம் போட்ட கூச்சல் பெரிது. (பாம்புதான் அதிகம் பயந்தது.)

பெரியப்பா மட்டும் திண்ணையை விட்டு அசையவில்லை. அவருடைய வேளாண்மை வாவிக்கு அப்பால், படுவான்கரையில் இருந்தது. கதிர் பால்பிடிக்கும் பருவம். அம்பிளாந்துறைக்குப் போகும் துறைப்படகை எம்மவர் 'பாதை' என்பர். அது நின்றுபோயிருந்தது. ஒழுங்கை முனையில் நின்றால் துறை தெரியும்.

"மனே, பாதை ஓடுதா எண்டு ஒருக்காப் பார்த்துட்டு வாங்க" என்பார். நாம் நனைந்துகொண்டு ஓடிப்போய், "ஓடல்ல பெரியப்பா" என்று வந்து சொல்வோம். சிறிது நேரத்தில் மீண்டும் அனுப்புவார். நான்காம் முறை தாயத்தில் நாம் வெல்லும் தறுவாய். வாசற்படிவரை போய்த் திரும்பி, "ஓடுது" என்று சொல்லிவிட்டோம்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். பொழுதுபடும்வரை வரவில்லை. அம்மம்மா குப்பி விளக்கை வாசலில் வைத்துவிட்டு, எம்மைச் சுற்றி உட்காரவைத்து, 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவுச் சூறாவளியில் கூரை பறந்த கதையைச் சொன்னார். சொல்லும்போதே அவர் கண் வாசலில்தான் இருந்தது. எமக்குக் கதை காதில் ஏறவில்லை.

பெரியப்பா தொப்பலாக நனைந்து வந்தார். துறையிலேயே நின்றிருக்கிறார். அக்கரையிலிருந்து தோணியில் வந்த ஒருவர், வட்டையும் வாவியும் ஒன்றாகிவிட்டன என்று சொன்னாராம். பெரியம்மா துவாயால் அவர் தலையைத் துவட்டினார். எம்மை அவர் ஏசவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவுமில்லை. "பிள்ளையள் சாப்பிட்டுதுகளா?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு வரிசையாகப் படுத்திருந்தபோது, பசளைக்காக அடகுவைத்த காப்புகளைப்பற்றிப் பெரியம்மா மெதுவாகப் பேசியது எமக்குக் கேட்டது. அம்மம்மா எழுந்து தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பெரியம்மாவின் கையில் வைத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சில நாளில் தைப்பொங்கல் வந்தது. சிறிய பானையிலே பொங்கினோம். மழை விட்டிருந்தது. பெரியப்பா மறுபடியும் திண்ணையிலிருந்து கூப்பிட்டார்: "மனே, பாதை ஓடுதா எண்டு பார்த்துட்டு வாங்க."

நாம் ஒழுங்கை முனையில் நிற்கவில்லை. துறைவரை போய், பாதை அக்கரை சேர்ந்து ஆட்களை ஏற்றித் திரும்பி வரும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னோம்.