பிடியரிசியும் போதகரும்



நம் நாட்டின் வடகிழக்குக் கோடியிலே, மியன்மார் எல்லையை ஒட்டிய மலைநாடு மிஸோரம். 2011ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 11 இலட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். இவர்களுள் பெருந்தொகையினரான பிரெஸ்பிட்டேரியன் சபையார் தங்கள் சிற்றூர்ச் சபைகளையும் போதகர்களையும் பேணிவரும் முறையைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

வேல்ஸ் நாட்டு மிஷனரியான டி. இ. ஜோன்ஸ் 1897இல் அய்ஸால் வந்து சேர்ந்தார். மிஸோ இனத்தவர் ஒருவர் முதன்முதலாகப் போதகர் பட்டம் பெற்றது 1913இல். அவருக்கும் அவர் பின் வருவோருக்கும் ஊதியம் எங்கிருந்து வரும்? காட்டை எரித்து நெல் விதைத்து வாழ்ந்த மக்களிடம் நாணயம் அரிது. நெல்லோ வீடுதோறும் உண்டு. ஆகவே 1910ஆம் ஆண்டளவில் பெண்கள் ஒரு வழி கண்டனர். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். வாரந்தோறும் அதனைத் திரட்டி, விற்றுக் காசாக்கிச் சபைக்கு அளித்தனர். மிஸோ மொழியில் இதற்குப் ‘புஃபாய் தம்’ என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் சிறிதும் தொல்லை தரவில்லை. ‘பிடியரிசி’ என்ற சொல்லும் வழக்கமும் தமிழரிடையே முன்னரே உள்ளவை அல்லவா? கடையில் அரிசி வாங்கும் நகரத்துக் குடும்பங்களும் இன்றளவும் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

இந்த அமைப்பிலே பேராயர் என்று ஒருவர் இல்லை. பல சிற்றூர்ச் சபைகள் ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும்; அவற்றுக்கு மேலே அய்ஸாலில் சினட் என்னும் பேரவை. உள்ளூர்ச் செலவுக்கென்று தனியே சேர்வது உள்ளூரிலேயே நின்றுவிடும். பிடியரிசிப் பணமும் ஊழியத்துக்கான காணிக்கையும் சினட்டுக்குச் செல்லும். போதகர்களுக்கு ஊதியம் வழங்குவதும், அவர்களை ஊர்விட்டு ஊர் மாற்றுவதும் சினட்டே.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். முப்பது வீடுகளே கொண்ட மலையூரும் தலைநகரின் பெரிய சபையைப் போலவே பயிற்சி பெற்ற போதகரின் பணியைப் பெறுகிறது. ஊரிலுள்ள செல்வர் எவருடைய முகத்தையும் பார்த்து அவர் பேச வேண்டியதில்லை. அவர் வேறு சிற்றூருக்குச் சென்றிருக்கும் நாட்களில் ‘உபா’ எனப்படும் மூப்பர்கள் வழிபாட்டை நடத்துவர். அவர்களுக்கு ஊதியம் இல்லை. மிகுதியாகக் கொடுக்கும் சபையும் தனக்குப் பிடித்த போதகரை நிறுத்தி வைத்துக்கொள்ள இயலாது என்பதில் சிலருக்கு மனக்குறை உண்டாகலாம். எனினும், கொடுப்பவர் கையில் போதகரின் பிழைப்பை ஒப்படைக்காத இந்த ஏற்பாடே நல்லது என்பது என் கருத்து.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அரிசியை எடுத்து வைப்பவர்கள் பெண்கள். போதகர் பட்டமும் மூப்பர் பதவியுமோ நெடுங்காலமாக ஆடவர்க்கே உரியனவாக இருந்து வந்துள்ளன. இறையியல் கற்ற பெண்கள் அங்கு இருக்கின்றனர். அவர்களுக்குப் பட்டம் அளிப்பது குறித்த வாதமும் பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது. டிசம்பர் மாதந்தோறும் சினட் கூடி வரவு செலவை ஆராய்கிறது. அக்கணக்கிலே பிடியரிசிக்கு மட்டும் தனித் தலைப்பு உண்டு.