முட்டி வலிக்கு நாற்காலியும் வேணும், நடையும் வேணும்



2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நம் குழுவிலிருந்து போன தன்னார்வலர் நான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கப் போகும் வீடுகளில் நான் அதிகம் கேட்கும் பேச்சு, "முட்டி வலி உயிர் போகுதும்மா" என்பதுதான். குழுக் கூட்டத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டால், "கீழ உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல; பணத்தைக் கொடுத்து அனுப்புறேன்" என்கிறார்கள். சேமிப்பு வருது, ஆள் வரலைன்னா அது குழுவுக்கு நஷ்டம்தானே?

முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கிறது. வயது, உடல் எடை, பழைய அடி, காலமெல்லாம் குத்துக்காலிட்டுச் செய்த வேலை, இதனாலெல்லாம் அது தேயும். தேய்ந்தது திரும்ப வளராது. ஆனால் வலியைக் குறைக்கலாம். "தேய்ஞ்சு போச்சு, இனி நடக்கக் கூடாது" என்று முடங்கினால் தொடைச் சதை இளைக்கும். முட்டியைத் தாங்குவதே அந்தச் சதைதான்.

அதனால் மடக்குவதைக் குறையுங்கள், நடப்பதை விடாதீர்கள். காய் நறுக்க, துணி துவைக்க உயரமான ஸ்டூல் போட்டுக்கோங்க. கழிப்பறையில் உட்காரும் வகைக் கோப்பை வைக்க முடிந்தால் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். அடுத்த நாள் வலி கூடினால் எண்ணிக்கையைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் இறங்கும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காய்கறியைக் கூட்டினாலே தொடங்கிவிடலாம். தடி ஊன்றினால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிங்க. படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே.

கடையில் தானாக வாங்கி வலி மாத்திரையை மாசக்கணக்கில் போடாதீங்க. வயிறும் சிறுநீரகமும் கெடும். முட்டி திடீரென்று சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நம் திட்டத்திலேயே வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி சொல்லித் தர்றாங்க; கேட்டு வாங்கிக்கோங்க.

கடைசியாக, கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுவும் ஜமுக்காளத்தோடு நாலு நாற்காலியும் போடணும். சேமிப்பு எழுதி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து பத்துத் தடவை கால் நீட்டணும். இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றித் தரும்படி கேட்டு விடைபெறுகிறேன்.