பெரியவர்களின் மறதியும் நமது பொறுப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பல்லாண்டுகள் முன்வரிசையில் நின்று தொழுத பெரியவர் ஒருவர், சில மாதங்களாகப் பள்ளிக்கு வருவதில்லை. விசாரிக்கச் சென்றேன். "சுன்னத் தொழுகையில் ரக்அத் கணக்குத் தவறுகிறது ஹஜ்ரத், பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்றார். யாஸீன் ஓதச் சொன்னேன், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. காலையில் என்ன உண்டார் என்பதுதான் நினைவில் இல்லை.

இது நடிப்பன்று. மூளையில் புதிய செய்திகளைப் பதியச் செய்யும் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். அல்ஸைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது அதனையும் அதன் அண்டைப் பகுதியையுமே. இளமையில் மனனமானவை மூளையில் பரந்து வேரூன்றிவிடுவதால் நெடுநாள் நிலைக்கின்றன. ஆயினும் எல்லா மறதியும் நோயன்று. ஒரு பெயர் தாமதமாக நினைவுக்கு வருவது வயதின் இயல்பு. பழகிய தெருவிலேயே வழி தவறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காது மந்தமானவரின் மூளை, ஒலியைப் பிடிப்பதிலேயே உழைத்துக் களைத்துவிடுகிறது. கேட்டதைப் பதிய வலிமை குறைகிறது. பிறகு அவர் பேச்சையும் கூட்டத்தையும் தவிர்க்கிறார். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நினைவிழப்பு நோய்க்குத் தடுக்கத்தக்க 14 காரணங்களைக் குறிப்பிட்டது. செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை, சர்க்கரை, இரத்த அழுத்தம் யாவும் அவற்றுள் அடங்கும். காது கேட்கும் கருவி அணிவதை வெட்கமாகக் கருதுவோர் இதைக் கவனிக்கவும். கண்ணாடி அணிய எவரும் வெட்கப்படுவதில்லையே!

ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு நமக்கு நெருக்கமானது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசுவோருக்கு இந்நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியிருந்தது, எழுத்தறியாதவர்களிடமும் அவ்வாறே. வேறு சில ஆய்வுகளில் இவ்வேறுபாடு தென்படவில்லை. ஆதலால் இதை மருந்தாகக் கொள்ள வேண்டாம். ஆனால் வீட்டில் உருது, கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசி வாழ்ந்த நம் பாகலூர் முதியோரை, பேச ஆளின்றி ஒரு மூலையில் அமர்த்துவது எத்தகைய அநீதி! நமக்கு அருகே கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 2018 முதல் கிராமத்து மக்களை ஆண்டாண்டாகப் பரிசோதித்து வருகிறது. அயலார் நம் போன்ற முதியோரின் மறதியைக் கேட்டறிய வீடு தேடிச் செல்கிறார்கள்.

தொழுகையில் மறந்தவருக்கு ஸஜ்தா ஸஹ்வு என்னும் வழியை மார்க்கமே வைத்திருக்கிறது. சிரிப்பதற்கு எங்கும் இடம் வைக்கவில்லை. அப்பெரியவரை வரும் ஜும்ஆவுக்கு நானே அழைத்து வருகிறேன். ஒலிபெருக்கியின் அருகே அவருக்கு ஒரு நாற்காலி போடுமாறு முத்தவல்லி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.