பூச்சரமும் இன்சுலினும்

எங்கள் பாட்டி பால்மரம் வெட்டியவர். வயதான காலத்தில் அவருக்கு நீரிழிவு கண்டது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். பாட்டியும் சில மாதம் தவறாமல் போட்டுக்கொண்டார். ஒரு நாள் லயத்தில் யாரோ, "அது மாட்டு உடம்பிலிருந்து எடுக்கிற மருந்தாமே!" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் முதல் பாட்டி ஊசியைத் தொடவில்லை. வீட்டில் எவரிடமும் சொல்லவும் இல்லை. காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் புரையோடிப் போயிற்று. கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்போது நான் பள்ளிப் பிள்ளை. மாட்டின் மருந்து மனிதனுக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி அன்று மனத்தில் விழுந்தது. பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் படித்தபோதுதான் விடை தெரிந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

இன்சுலின் ஒரு புரதம். நம் வயிற்றில் உள்ள கணையம் அதைச் சுரக்கிறது. புரதம் என்றால் என்ன? பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, ரோஜா, சாமந்தி, அரளி என்று பல பூக்களை ஒரே நாரில் வரிசையாகக் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல அமினோ அமிலம் என்னும் சிறு பொருள்கள் ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டதே புரதம். இந்தப் பூக்களில் முக்கியமாக 20 வகை உண்டு. எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்ற வரிசைதான் ஒரு புரதத்தின் வேலையை முடிவு செய்கிறது.

ஆனால் இந்தச் சரம் கண்ணுக்குத் தெரியாது. பிறகு வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிரெடரிக் சாங்கர் என்ற அறிஞர் 1940களில் இந்த வேலையில் இறங்கினார். அவர் எடுத்துக்கொண்டது மாட்டின் இன்சுலின்.

சரத்தின் முதல் பூவோடு ஒட்டிக்கொண்டு அதை மஞ்சளாக்கும் ஒரு மருந்தை அவர் பயன்படுத்தினார். பிறகு சரத்தை அமிலத்தில் வேகவைத்துத் துண்டாக்கினார். எந்தத் துண்டில் மஞ்சள் இருக்கிறதோ அதுதான் தலைப்பகுதி. நாம் உண்ட உணவைச் செரிக்க வைக்கும் பொருள்களையே கத்தரிக்கோல் போல வைத்து, வேறு வேறு இடங்களிலும் வெட்டினார். கலந்து கிடந்த துண்டுகளைப் பிரிக்கத் தாளையே பயன்படுத்தினார். மைத்துளி விழுந்த தாளை நீரில் நனைத்தால், மையில் உள்ள நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து ஏறுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான்.

சரி, துண்டுகளை மறுபடி வரிசைப்படுத்துவது எப்படி? ஒரே மாதிரி இரண்டு சரங்களை எடுத்துக்கொள்வோம். முதல் சரத்தை வெட்டியதில் "மல்லிகை, ரோஜா" ஒரு துண்டு, "சாமந்தி, அரளி" ஒரு துண்டு. எது முன், எது பின்? தெரியாது. இரண்டாம் சரத்தை வேறு இடத்தில் வெட்டியதில் "ரோஜா, சாமந்தி" என்று ஒரு துண்டு கிடைக்கிறது. உடனே விளங்கிவிடுகிறது: மல்லிகை, ரோஜா, சாமந்தி, அரளி! ஒரு வெட்டு மறைத்ததை இன்னொரு வெட்டு காட்டிக்கொடுக்கிறது.

இப்படியே பொறுமையாகப் பொருத்தி, 30 பூக்கள் கொண்ட நீண்ட சரத்தை 1951இலும், 21 பூக்கள் கொண்ட குறுஞ்சரத்தை 1953இலும் சாங்கர் குழுவினர் வெளியிட்டார்கள். இரண்டு சரங்களும் எங்கெங்கே பிணைந்திருக்கின்றன என்பது 1955இல் முடிவாயிற்று. ஒரு புரதத்தின் முழு வரிசையும் உலகுக்குத் தெரிந்தது அதுவே முதல் முறை. 1958இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையே 1950இல் சுவீடன் நாட்டு அறிஞர் பேர் எட்மன் இன்னொரு வழி கண்டார். சரத்தின் தலைப்பூவை மட்டும் கழற்றி, அது எது என்று பார்த்து, அடுத்ததைக் கழற்றுவது. 1967இல் இதைத் தானாகவே செய்யும் இயந்திரமும் வந்தது.

துண்டுகள் பெருகப் பெருக, மனிதக் கையால் பொருத்துவது பெரும் பாடாயிற்று. அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் என்ற பெண்மணி, ராபர்ட் லெட்லி என்பவருடன் சேர்ந்து, அந்த வேலையைக் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஓர் எழுத்து என்று குறியீடு வகுத்ததும் அவரே. 1965இல் 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து அவர் குழுவினர் நூலாக்கினர். எழுத்தாக எழுதிவிட்டால் ஒப்பிடுவது எளிதல்லவா? இரண்டு பிள்ளைகளின் சொல்வதெழுதுதலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல, இரண்டு புரதங்களை வரிக்கு வரி வைத்து, எங்கே வேறுபடுகின்றன என்று கணிப்பொறி சொல்லிவிடும்.

இப்போது பாட்டியின் கதைக்கு வருவோம். மாட்டின் இன்சுலினையும் மனித இன்சுலினையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 51 பூக்களில் 48 ஒன்றே, மூன்றுதான் வேறு. பன்றியின் இன்சுலினில் ஒன்றே ஒன்றுதான் வேறு. அதுவும் நீண்ட சரத்தின் கடைசிப் பூ. அதனால்தான் 1920கள் தொட்டு விலங்குகளின் இன்சுலின் மனித உயிரைக் காத்தது.

கதை அதோடு முடியவில்லை. மனித இன்சுலினின் வரிசை தெரிந்திருந்ததால், அதைச் செய்யச் சொல்லும் மரபுக் கட்டளையை அமெரிக்க அறிஞர்கள் ஆய்வுக்கூடத்திலேயே எழுதி, நுண்ணுயிருக்குள் வைத்தார்கள். 1978இல் அந்த நுண்ணுயிர்கள் மனித இன்சுலினின் சரங்களைச் செய்து கொடுத்தன. 1982இல் அந்த மருந்து விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் போடப்படும் இன்சுலினில் மிகப் பெரும்பகுதி இப்படிச் செய்ததே. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்ததன்று.

வரிசையைப் பார்த்தே ஒரு புரதம் எப்படி மடிந்து நிற்கும் என்று சொல்லும் அளவுக்குக் கணிப்பொறி இன்று வளர்ந்துவிட்டது. அந்தப் பணிக்காக 2024இல் இருவர் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

நேயர்களே, பாட்டியின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. சைவம் காப்பதும், விலக்கியதை விலக்குவதும் அவரவர் உரிமை. அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம். அவரிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லவும் யாரும் இல்லை. உங்கள் வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர் இருந்தால், இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பூச்சரக் கதையைச் சொல்லுங்கள். மருந்தில் ஐயம் வந்தால், "இது எதிலிருந்து செய்தது?" என்று கிளினிக்கில் தாதியிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்காமல் மட்டும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.